சிசிலியன் தற்காப்பு: தொடக்கத்திலேயே தோற்கவைக்கும் தவறுகள்

சிசிலியன் என்பது வெள்ளையின் இ4-க்குக் கருப்பு சி5 என்று பதில் தரும் சதுரங்கத் தொடக்கம். அதில் வெள்ளை டி4 ஆட, கருப்பு சி×டி4 என்று வெட்டியதும் வெள்ளையின் டி சிப்பாய் பலகையை விட்டுப் போய்விடும். பிறகு இரண்டு ராணிகளுக்கும் நடுவே மிஞ்சுவது டி4-இல் உள்ள வெள்ளைக் குதிரையும் கருப்பின் டி சிப்பாயும்தான். கருப்பின் விபத்துகள் பலவற்றுக்கு வேர் இதுதான்.

1958-இல் அமெரிக்க சாம்பியன்ஷிப்பில், 15 வயது பாபி ஃபிஷரிடம் அனுபவசாலி ரெஷெவ்ஸ்கியே இப்படி மாட்டினார் (× வெட்டு, + செக், ! நல்ல நகர்த்தல், ? தவறு). 1.இ4 சி5 2.குதிரை எஃப்3 குதிரை சி6 3.டி4 சி×டி4 4.குதிரை×டி4 ஜி6 5.குதிரை சி3 பிஷப் ஜி7 6.பிஷப் இ3 குதிரை எஃப்6 7.பிஷப் சி4 காஸ்லிங் 8.பிஷப் பி3 குதிரை ஏ5? பிஷப்பை வெட்டலாம் என்ற ஆசை. 9.இ5 குதிரை இ8? 10.பிஷப்×எஃப்7+! ராஜா×எஃப்7 11.குதிரை இ6! சொந்தக் காய்கள் சூழ்ந்திருக்க, சி7-ஐ வெள்ளைக் குதிரையும் பி6-ஐ இ3 பிஷப்பும் தாக்குவதால் கருப்பு ராணிக்கு ஓட இடமில்லை. டி×இ6 என்றால் ராணி×டி8. ராஜாவால் வெட்டினால் 12.ராணி டி5+ ராஜா எஃப்5 13.ஜி4+, மேட் தூரத்தில் இல்லை. 8-வது நகர்த்தலில் டி6 ஆடியிருந்தால் போதும்.

சிசிலியனின் டிராகன் வகையில் (கருப்பு 2...டி6, 5...ஜி6 ஆடுவது) 6.பிஷப் இ3 வந்ததும் பிஷப்பை விரட்ட 6...குதிரை ஜி4?? ஆடுவது இன்னொரு பழக்கம். 7.பிஷப் பி5+ செக். பிஷப் டி7 என்று மறைத்தால் அது கட்டுண்டு நிற்கும்; நகர்ந்தால் ராஜாவுக்குச் செக். வெள்ளை ராணி ஜி4 குதிரையைச் சும்மா எடுத்துக்கொள்ளும். நஜ்டோர்ஃப் வகையில் (5...ஜி6-க்குப் பதில் 5...ஏ6) இதே குதிரை ஜி4 நல்ல நகர்த்தல். ஏ6 சிப்பாய் பி5 கட்டத்தைக் காவல் காக்கிறதே! வரிசையைப் பாதி மனப்பாடம் செய்தவர்கள் இங்கேதான் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

நஜ்டோர்ஃபிலும் எதற்கெடுத்தாலும் இ5 தள்ளக்கூடாது. 6.பிஷப் இ2, பிஷப் இ3 ஆகியவற்றுக்கு அது பொருந்தும். 6.பிஷப் ஜி5 வந்தால் இ6தான். இ5 ஆடினால் வெள்ளை எஃப்6 குதிரையை வெட்டிவிட்டு டி5-இல் குதிரையை நிறுத்தும்.

வெள்ளைக்கும் பொறி உண்டு. ஸ்மித்-மோரா கேம்பிட்டில் (வெள்ளை ஒரு சிப்பாயைப் பலிகொடுக்கும் வகை) 1.இ4 சி5 2.டி4 சி×டி4 3.சி3 டி×சி3 4.குதிரை×சி3 குதிரை சி6 5.குதிரை எஃப்3 இ6 6.பிஷப் சி4 ராணி சி7 7.காஸ்லிங் குதிரை எஃப்6 8.ராணி இ2 குதிரை ஜி4 வரை வந்தபின் 9.எச்3?? ஆடினால் 9...குதிரை டி4! வெள்ளை ராணி போயிற்று; அந்தக் குதிரையை வெட்டினால் கருப்பு ராணி எச்2 மேட். 9.பிஷப் பி3-க்கும் அதே பதில்தான். 9.குதிரை பி5 ஆடி முதலில் சி7 ராணியை விரட்டுங்கள்.