சுற்றுச்சூழல் அறிவியல் படிக்கணுமா? வேலை அறிவிப்பிலிருந்து ஆரம்பியுங்கள்

அக்கா பையனுக்காக நான் தேடிச் சேர்த்த விவரம் இது. பிளஸ் டூ-வில் வேதியியல் உண்டு, கட்-ஆஃப் போடத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

1. கல்லூரிப் பட்டியலை ஓரமாக வையுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் முன்பு வெளியிட்ட ஆள்சேர்ப்பு அறிவிப்பை இறக்கி, கல்வித் தகுதியை மட்டும் படியுங்கள். உதவிப் பொறியாளர் பணிக்குப் பொறியியல் பட்டம் கேட்பார்கள், பி.எஸ்சி. செல்லாது. சுற்றுச்சூழல் விஞ்ஞானி என்றால் முதுகலை. ஆக, திட்டம் ஐந்து வருஷத்துக்கு. வீட்டில் இப்போதே சொல்லிவிடுங்கள், மூன்றாம் வருஷம் முடிந்ததுமே 'வேலை எப்போ' என்று ஆரம்பிப்பார்கள்.

2. எங்களை ரொம்ப நேரம் உட்கார வைத்தது பட்டத்தின் பெயர்தான். சுற்றுச்சூழல் அறிவியல் என்ற பெயரிலேயே பி.எஸ்சி. எல்லாக் கல்லூரியிலும் கிடையாது. விசாரித்தால் 'எங்ககிட்ட இருக்கே' என்பார்கள், அவர்கள் சொல்வது எல்லாப் பட்டத்திலும் கட்டாயமாக வரும் ஒரு தாளை (எம்.சி. மேத்தா வழக்கில் 1991-ல் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவின் வழியாக வந்தது). அதை வைத்து எதுவும் ஆகாது. அந்தப் பெயரில் பட்டமே கிடைத்தாலும் பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்கி, ஆய்வகம் எத்தனை மணி நேரம் என்று எண்ணிப் பாருங்கள். குறைவாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

நான் சொல்வது, பி.எஸ்சி. வேதியியல், அப்புறம் எம்.எஸ்சி. சுற்றுச்சூழல். புதுவைப் பல்கலைக்கழகம், டெல்லி ஜே.என்.யூ. இரண்டுக்கும் சி.யூ.இ.டி. என்ற பொது நுழைவுத் தேர்வின் முதுகலைப் பிரிவை எழுதலாம். ஏன் வேதியியல்? ராணிப்பேட்டையைப் பாருங்கள். டேனரியில் தோல் பதனிடுவது மூன்று இணைதிறன் குரோமியத்தில். மூடிப்போன குரோமேட் ஆலை கொட்டிய கழிவில் இருப்பதோ ஆறு இணைதிறன், அது தண்ணீரில் கரைந்து நிலத்தடிக்குப் போகும், நச்சும் பல மடங்கு. இந்த வித்தியாசம் புரியாமல் பாலாற்றைப் பற்றி ஒரு அறிக்கை எழுத முடியாது. 'மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும்' என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு நம் வேலூர் டேனரி வழக்குதான், அதையும் ஒருமுறை படித்து வையுங்கள்.

3. விண்ணப்பம். வேலூர் முத்துரங்கம் போன்ற அரசுக் கல்லூரிகளுக்கு டி.என்.ஜி.ஏ.எஸ்.ஏ. என்ற சேர்க்கை இணையதளம் ஒன்றே போதும், தரவரிசைக்கு மொழிப்பாடங்கள் போக மீதி நான்குக்கு 400 மதிப்பெண். ஊரிசு, ஆக்சிலியம் (பெண்களுக்கு மட்டும்) கல்லூரிகளுக்குத் தனித்தனியாகப் போட வேண்டும். மேட்டுப்பாளையத்தில் வனவியல் வேண்டுமென்றால் வேளாண் பல்கலைக்கழகக் கவுன்சலிங், அதன் கடைசித் தேதி வேறு.

4. முதல் வருஷமே க்யூ.ஜி.ஐ.எஸ். என்ற வரைபட மென்பொருளைக் கற்றுக்கொள்ளுங்கள். இலவசம், சுமாரான லேப்டாப்பிலும் ஓடும். காசு கொடுத்து வாங்கும் மேப்பிங் மென்பொருளைத் திருட்டுப் பதிப்பில் போட்டு வைரஸோடு அல்லாடாதீர்கள்.

பின்சேர்க்கை: கணிதம் இல்லாத குரூப்பில் படித்த இரண்டு பேர், பி.எஸ்சி. வேதியியல் எடுக்கலாமா என்று கேட்டிருந்தார்கள். சில கல்லூரிகளில் வேதியியலுக்குத் துணைப்பாடமாகக் கணிதம் வரும். அதற்குப் பதில் விலங்கியலோ தாவரவியலோ தருவார்களா என்று துறையிலேயே கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.