பழைய நண்பர்களோடு படகில் ஒரு நாள்: பமுனுகமவிலிருந்து நீர்கொழும்புக் களப்பு வரை

பள்ளிக்கூட நண்பர்கள் கொழும்பில் ஒன்றுகூடுவதென்றால் பெரும்பாலும் ஒரு ஹோட்டல் மண்டபமும் பஃபே சாப்பாடும்தான். அரை மணித்தியாலத்தில் கூட்டம் மூன்று நான்கு மேசைகளாகப் பிரிந்துவிடும். தூரத்து மேசையில் இருந்தவனோடு ஒரு வார்த்தை பேசாமலே வீடு திரும்புவோம். படகில் அப்படி நடக்காது. ஏழெட்டுப் பேர் எதிரெதிரே முழங்கால் இடிக்க உட்கார்ந்திருப்பீர்கள், எழுந்து போக இடமே கிடையாது. முப்பது வருடத்துக் கதையும் வெளியே வந்துவிடும்.

அதற்கு முக்கியமான நிபந்தனை ஒன்று உண்டு: படகு மெதுவாகப் போக வேண்டும். கீழே சொல்லப்போகும் ஒவ்வொரு படியும் அதை ஒட்டியதுதான். படகில் ஒருநாளும் ஏறாதவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

படி 1: யார் வருகிறார்கள் என்று பாருங்கள்

இடத்தைத் தெரிவு செய்வதற்கு முன்னால் ஆட்களைத் தெரிந்துகொள்ளுங்கள். முழங்கால் வலி யாருக்கு, இன்சுலின் போடுபவர் யார், இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர் யார், நீந்தத் தெரியாதவர் யார் என்று முன்கூட்டியே, கூட்டத்தில் இல்லாமல், ஒவ்வொருவரையும் தனியாகக் கேளுங்கள். வாட்ஸ்அப் குழுவில் கேட்டால் எல்லோரும் 'எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை மச்சான்' என்றுதான் எழுதுவார்கள்.

சிறுநீர் அதிகம் போகச் செய்யும் மாத்திரை எடுப்பவர்கள், அன்றைக்கு அதை எத்தனை மணிக்கு எடுக்கலாம் என்று தங்கள் வைத்தியரிடம் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. சிறிய படகில் கழிப்பறை கிடையாது. இதைப் பேசக் கூச்சப்பட்டுப் பயணம் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் இருப்பவர்கள் வெயிலில் மயங்கிப் போவார்கள். ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவையாவது கரையில் இறங்கக்கூடியதாகப் பாதையைத் திட்டமிடுங்கள். அந்த இடத்தில் கழிப்பறை இருக்கிறதா என்று படகோட்டியிடம் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

ஆட்கள் எட்டைத் தாண்டினால் இரண்டு படகு எடுங்கள். பாதி வழியில் இறங்கும்போது ஆட்களை மாற்றி ஏற்றுங்கள். இல்லாவிட்டால் மண்டபத்து மேசைக் கதைதான் தண்ணீரிலும் நடக்கும்.

படி 2: எந்தத் தண்ணீர்?

தண்ணீரைக் கண்டாலே பயப்படுகிறவர் ஒருவர் இருந்தால், பயணத்துக்கு முந்திய வாரம் அவரைக் கொழும்பு நகருக்குள்ளேயே இருக்கும் பேர வாவிக்குக் கூட்டிப் போய், கங்காராம விகாரைப் பக்கம் மிதிபடகில் அரை மணித்தியாலம் இருத்திப் பாருங்கள். படகு ஆடும், ஆனால் கவிழாது என்பது உடம்புக்குப் பழகிவிடும்.

தெற்கே மொரட்டுவை, பிலியந்தலைப் பக்கம் பொல்கொட வாவி இருக்கிறது. அகலமான, அமைதியான நீர். நல்ல தெரிவுதான். ஆனால் முதல் தடவை போகிறவர்களுக்கு நான் சொல்வது வடக்கே உள்ள ஹமில்டன் கால்வாயைத்தான். களனி கங்கையிலிருந்து நீர்கொழும்புக் களப்பு வரை 14.5 கிலோமீற்றர் நீளம். ஹெந்தலவிலிருந்து பமுனுகமப் பக்கம் போகும் வீதி பெரும்பகுதி அதை ஒட்டியே போவதுதான் அதன் பெரிய வசதி. ஒருவருக்கு உடம்புக்கு ஏலாமல் போனால் கரையில் இறக்கி வாகனத்தில் ஏற்றிவிடலாம். இந்த நிம்மதி வேறு எங்கும் கிடைக்காது.

கால்வாய் முழுவதையும் ஓடித் தீர்க்க வேண்டியதில்லை. ஆகாயத்தாமரை அடைத்த இடங்களும் தணிந்த பாலங்களும் உண்டு. போபிட்டிய, பமுனுகமப் பக்கம் ஏறி, கால்வாயில் கொஞ்ச நேரம் ஓடி, களப்பின் தென்கரையைச் சுற்றித் திரும்பினால் முதல் பயணத்துக்குப் போதும். முத்துராஜவெல சதுப்பு நிலத்தின் வருகையாளர் நிலையமும் அந்தப் பகுதியில்தான் இருக்கிறது; படகும் வழிகாட்டியும் அங்கே கிடைக்கும்.

படி 3: நாளும் நேரமும்

டிசெம்பர் முதல் மார்ச் வரை மேற்குக் கரைக்கு நல்ல காலம். ஏப்ரலில் காலை தெளிவாக இருக்கும், பின்னேரம் இடி மின்னல் வரும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று.

சிக்கல் என்னவென்றால், கனடாவிலும் லண்டனிலும் இருப்பவர்கள் வருவதே ஜூலை, ஓகஸ்டில்தான். பிள்ளைகளின் விடுமுறை, நல்லூர்த் திருவிழா, போகும் வழியில் கொழும்பில் இரண்டு நாள். அந்த இரண்டு நாளைத் தவற விட்டால் பிறகு எப்போது கிடைக்கும் என்று யாருக்குத் தெரியும்? அதனால் அந்த மாதங்களில் போகவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். காலை ஆறரைக்கு ஏறி பத்தரைக்குள் கரை சேர்ந்துவிடுங்கள். வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும். களப்பின் திறந்த பகுதியை விட்டுவிட்டுக் கால்வாய்க்குள்ளேயே ஓடுங்கள். முதல் நாள் இரவு வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவிப்பைப் பாருங்கள். இடி மின்னல் எச்சரிக்கை இருந்தால் பயணத்தைக் கைவிடுங்கள். திறந்த நீரில் உயரமாக நிற்பது உங்கள் படகு மட்டும்தான்.

போயா தினத்தில் எல்லோருக்கும் விடுமுறை என்பதால் பலர் அன்றைக்கே வைப்பார்கள். வைக்கலாம். ஆனால் பௌர்ணமியன்று கடல் பெருக்கும் வற்றும் மற்ற நாட்களைவிட அதிகம். கொழும்புக் கரையில் அந்த வித்தியாசம் ஒரு மீற்றரைத் தொடாது என்றாலும், தணிந்த பாலத்துக்குக் கீழே போகும்போது ஒரு சாண் கூட முக்கியம். படகுக்குக் கூரை இருந்தால் பாலங்களைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள்.

படி 4: படகும் படகோட்டியும்

முற்பணம் கொடுப்பதற்கு முன் நேரில் போய்ப் பாருங்கள். ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் இருக்க வேண்டும், கொக்கி பூட்ட வேண்டும். பருமனானவர்களுக்குப் பொருந்துமா என்று போட்டே பாருங்கள். துடுப்பு, நீண்ட தடி, கயிறு, தண்ணீர் இறைக்க ஒரு வாளி இருக்கிறதா?

பிறகு என்ஜினை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பழைய மண்ணெண்ணெய் என்ஜின் போடும் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதும் கேட்காது, புகையும் முகத்தில் அடிக்கும். சத்தமும் புகையும் குறைந்த நான்கு வீச்சு (ஃபோர் ஸ்ட்ரோக்) என்ஜின் கிடைத்தால் சற்றுக் கூடுதலாகக் கொடுத்தாவது அதை எடுங்கள். கிடைக்காவிட்டால் காது மந்தமானவர்களை முன்பக்கம் இருத்துங்கள். எரிபொருளில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு கையிருப்பு.

படகோட்டியிடம் ஒரே ஒரு விஷயத்தைத் தெளிவாகப் பேசிக்கொள்ளுங்கள்: மணிக்கு ஐந்தாறு கிலோமீற்றருக்கு மேல் வேண்டாம். சுற்றுலாப் பயணிகளுக்கு வேகம் காட்டிப் பழகியவர்கள் இதைக் கேட்டு ஆச்சரியப்படுவார்கள். வேகமாகப் போனால் எழும் அலை கரை மண்ணை அரிக்கும், சிறு வள்ளங்களில் வலை போடுபவர்களை ஆட்டி எடுக்கும்.

படி 5: ஏறுவது

சறுக்காத செருப்பு, தொப்பி. முன்னால் ஒருவர் ஏறி உட்கார்ந்த பிறகே அடுத்தவர். படகின் நடுவில் காலை வையுங்கள், ஓரத்தில் வைக்க வேண்டாம். ஒரு கையில் பை, மறு கையில் போன் என்று ஏறாதீர்கள். பையை முதலில் கைமாற்றிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு ஏறுங்கள். பாரத்தை இரண்டு பக்கமும் சமனாக்குங்கள். படம் எடுப்பதற்காக எல்லோரும் ஒரு பக்கம் எழுந்து நிற்பதுதான் சிறிய படகில் மிக ஆபத்தான செயல்.

சாப்பாட்டைச் சிம்பிளாக வையுங்கள். மீன் பணிஸ், கட்லட், வாழைப்பழம், பிளாஸ்கில் தேநீர். ஆளுக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீர். சாராயப் போத்தல் கரையிலேயே இருக்கட்டும். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

படி 6: கால்வாயில்

நேரான, ஆளில்லாத துண்டில் படகோட்டி சம்மதித்தால் நீங்களும் கொஞ்சம் ஓட்டிப் பார்க்கலாம். என்ஜினின் கைப்பிடியை வலப்பக்கம் தள்ளினால் படகு இடப்பக்கம் திரும்பும். திரும்பும்போது பின்பகுதிதான் வீசிக்கொண்டு போகும். கரையோரக் கல்லில் அது இடிக்காமல் பாருங்கள். கில் சுவிட்ச் கயிறு (ஓட்டுபவர் விழுந்தால் என்ஜினை நிறுத்திவிடும் கயிறு) இருந்தால் மணிக்கட்டில் மாட்டுங்கள். எதிரே படகு வந்தால் நீங்கள் வலப்பக்கம் ஒதுங்க வேண்டும். வீதியில் இடப்பக்கம் ஓட்டிப் பழகிய நமக்கு இது முதலில் தடுமாறும். துடுப்பு வள்ளம் வந்தால் விதியைப் பார்க்காமல் வேகத்தைக் குறைத்து வழி விடுங்கள்.

என்ஜின் திடீரென்று முக்கினால் செடி சுற்றியிருக்கும். நிறுத்தி, தூக்கி, பிறகே கையால் எடுக்க வேண்டும்.

கதைக்குக் குறையிருக்காது என்றாலும், வழியில் சொல்ல ஒரு கதை: கோட்டை இராச்சியத்தின் எட்டாம் வீரபராக்கிரமபாகு காலத்திலேயே, 15ஆம் நூற்றாண்டில், பாக்கும் கறுவாவும் மிளகும் நீர்கொழும்புக்குப் போக இந்தப் பக்கம் கால்வாய்கள் வெட்டப்பட்டன. ஒல்லாந்தர் அவற்றை விரிவாக்கினார்கள். நீங்கள் போகும் இந்தக் கால்வாயை ஆங்கிலேயர் 1802இல் தொடங்கி 1804இல் முடித்தார்கள். சதுப்பிலிருந்து உவர்நீரை வடிய விடுவது நோக்கம். இப்போது இந்தச் சதுப்பு ஏறத்தாழ 3,000 ஹெக்டெயர். அதன் வடபகுதி 1996 முதல் சரணாலயம். கண்டல் மரங்களில் நீர்க்காகமும் மீன்கொத்தியும் இருக்கும். உவர்நீர் முதலையும் உண்டு, ஆகவே தண்ணீரில் கையைத் தொங்கப் போடாதீர்கள்.

படி 7: களப்பில்

இங்கே கைப்பிடியைப் படகோட்டியிடம் கொடுத்துவிடுங்கள். களப்பு ஆழம் குறைந்தது, மணல்திட்டு எங்கே என்று அவருக்குத்தான் தெரியும். நீருக்குள் நட்டிருக்கும் மரக்கிளைக் குவியல்கள் மீன் தங்குவதற்காக மீனவர்கள் வைத்தவை. தடிகளில் கட்டிய வலைகளும் இருக்கும். அவர்களின் பிழைப்பு அது, தள்ளியே போங்கள். தரை தட்டினால் என்ஜினை நிறுத்தித் தூக்கிவிட்டு, எல்லோரும் உட்கார்ந்தபடியே மெல்ல ஆழமான பக்கம் நகர்ந்து, தடியால் தள்ளுங்கள். களப்பின் வடமுனையில் கடல் வாய் இருக்கிறது. முதல் பயணத்தில் அந்தப் பக்கமே வேண்டாம்.

யாராவது விழுந்தால் முதல் வேலை என்ஜினை நிறுத்துவது. பிறகு கயிறோ துடுப்போ நீட்டுங்கள். அவரைத் தூக்க இரண்டு பேருக்கு மேல் எழும்பக்கூடாது. நெஞ்சு வலியோ மயக்கமோ என்றால் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைத்து, கரையில் எந்த இடத்துக்கு வருகிறீர்கள் என்பதைப் படகோட்டியைக் கொண்டே சொல்லுங்கள்.

படி 8: இறங்கிய பிறகு

தலைகளை எண்ணுங்கள், குப்பையை எண்ணுங்கள். படகோட்டிக்குப் பேசியதற்கு மேலே ஏதாவது கொடுங்கள். சவர்க்காரம் போட்டுக் கை கால் கழுவிய பிறகே சாப்பாடு. அடுத்த இரண்டு மூன்று வாரத்தில் யாருக்காவது காய்ச்சலும் தசை நோவும் வந்தால், சதுப்புப் பக்கம் படகில் போனதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். எலியின் சிறுநீர் கலந்த நீரால் தொற்றும் எலிக்காய்ச்சலுக்கு நேரத்தோடு மருந்து தொடங்க அந்த ஒரு தகவல் போதும். இதைப் பயணம் முடிந்த அன்றே வாட்ஸ்அப் குழுவில் எழுதிப் போடுங்கள், ரொறன்ரோவுக்குத் திரும்பிப் போகிறவருக்கும் சேர்த்து. அங்குள்ள வைத்தியர் அந்த நோயை நினைத்தே பார்க்க மாட்டார்.