கடையில் கலகலப்பு: முதலாளிகள் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

பினாங்கு லெபோ பாசார் பக்கம் மதியம் இரண்டரை மணிக்கு ஒரு நடை நடந்து பாருங்கள். மளிகைக் கடை, ஜவுளிக் கடை, பாத்திரக் கடை எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே காட்சிதான். வாங்க ஆள் இல்லை. நாலு பேர் கல்லாவைச் சுற்றி நின்று கைப்பேசியைத் தேய்க்கிறார்கள். முதலாளி தலை தெரிந்ததும் மடித்த துணியையே எடுத்து மறுபடி மடிக்கிறார்கள். அந்த நேரத்துக்கும் சேர்த்துத்தான் சம்பளம் போகிறது. கடை கலகலப்பாக இருக்கட்டும் என்று நினைக்கிறவர், ஊழியர்களுக்கு ஒரு சின்ன விளையாட்டு வைக்க வேண்டியது இந்த மந்த நேரத்தில். ஆனால் பலர் வருஷத்துக்கு ஒரு தடவை கேமரன் மலைக்கு வேன் பிடிப்பதோடு கடமை முடிந்தது என்று விட்டுவிடுகிறார்கள்.

வேனில் போவது தப்பில்லை. வார ஓய்வு நாளில் வைத்துக்கொண்டு "கண்டிப்பா எல்லாரும் வரணும்" என்று சொல்வதுதான் தப்பு. கட்டாயம் வந்துவிட்டால் தொழிலாளிக்கு அதுவும் ஒரு வேலை நாள்தான். அன்று வீட்டில் துணி துவைக்க முடியாமல் போனதுதான் அவருக்கு நினைவிருக்கும்.

அடுத்த சறுக்கல், நேரம் பார்க்காமல் தொடங்குவது. எந்த விளையாட்டுக்கும் முன்னால் ஒரு வாரம் கணக்கெடுங்கள். கல்லாப் பக்கம் ஒரு தாளை ஒட்டி, அரை மணிக்கு ஒரு கட்டம் போட்டு, ஒவ்வொரு பில்லுக்கும் ஒரு கோடு இழுத்தால் போதும். ஏழு நாளில் எந்தக் கட்டம் காலியாக இருக்கிறது என்று தெரிந்துவிடும். ஸ்வெட்டன்ஹம் பியரில் சுற்றுலாக் கப்பல் நிற்கிற நாளைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள், அன்றைய கூட்டம் வழக்கமான கணக்கில் அடங்காது. காலியான கட்டத்தில் பத்து நிமிஷம், அதுவும் வேலை நேரத்தில்தான். தொடர்ந்து ஐந்து மணி நேர வேலைக்குப் பிறகு குறைந்தது அரை மணி ஓய்வு என்பது மலேசிய வேலைச் சட்டம் கொடுத்த உரிமை. அந்த அரை மணியில் கை வைத்து "வாங்க விளையாடலாம்" என்று கூப்பிடாதீர்கள். சாப்பிட்டுவிட்டுக் கண்ணை மூடிக் கிடக்க நினைப்பவரைக் கிடக்க விடுங்கள்.

என்ன விளையாட்டு? வேலையிலிருந்தே பிறந்த விளையாட்டுதான் நிலைக்கும். மளிகைக் கடைக்குக் கண்ணளவு ஆட்டத்தைப் பரிந்துரைப்போம். ஒரு டின்னில் இரண்டு கிலோ மல்லி விதையைத் தனியாக எடுத்து, "விளையாட்டு மல்லி" என்று எழுதி ஒட்டுங்கள். ஆளாளுக்கு மூன்று தடவை, கரண்டியால் 250 கிராம் அள்ளித் தட்டில் போட வேண்டும். தராசின் எண் தெரியும் பக்கத்தை அட்டையால் மறைத்து, மூன்றும் முடிந்த பிறகு திறந்து பாருங்கள். 250-க்குக் கிட்ட வந்தவர் ஜெயித்தார், கடைசியாக வந்தவர் அன்று எல்லாருக்கும் தே தாரிக் வாங்கப் போகிறார். காசு முதலாளியுடையது.

பார்க்கச் சின்னப் பிள்ளை விளையாட்டு போலத்தான் இருக்கும். ஆனால் கை பழகியவர் ஒரே அள்ளலில் 245-ல் நிற்பார், ஒரு சிட்டிகையில் முடிப்பார். பழகாதவர் போட்டு, எடுத்து, மறுபடி போட்டு நிற்பதற்குள் வரிசையில் மூன்று பேர் சேர்ந்துவிடுவார்கள். "போகட்டும், இருக்கட்டும்" என்று பொட்டலத்துக்குப் பத்து கிராம் கூடப் போடுகிற தாராளக் கையும் இதில் பிடிபடும். ஒரு நாளைக்கு 60 பொட்டலம் போனால் அது 600 கிராம். இங்கே இரண்டு விஷயம் கெட்டுப்போகும். ஒன்று, எல்லார் கையும் பட்ட அந்த மல்லியை விற்பனை மூட்டையில் திருப்பிக் கொட்டுவது. டின்னிலேயே இருக்கட்டும். இரண்டு, கண்ணளவு பழகிய மிதப்பில் வாடிக்கையாளருக்குத் தராசு இல்லாமல் அள்ளிக் கொடுப்பது. விற்பனைக்கு எப்போதும் தராசுதான்.

நன்றாகப் போகிறது என்று தெரிந்ததும் முதலாளிக்கு ஒரு ஆசை வரும்: பலகையில் பெயர் எழுதி, மாதக் கடைசியில் போனஸோடு முடிச்சுப் போடலாமே என்று. அந்த நிமிஷமே விளையாட்டு செத்தது. பொழுதுபோக்காக அள்ளியவர்கள் பயந்து பயந்து அள்ளுவார்கள். ஜவுளிக் கடையில் இது இன்னும் மோசம். "இன்றைக்கு அதிகச் சேலை விற்றவர் யார்" என்று போட்டி வைத்தால், உள்ளே வந்த ஒரு அம்மாவை இரண்டு பெண்கள் இரண்டு பக்கம் இழுப்பார்கள். வாசல் பக்கம் நிற்பவர்தான் தினமும் ஜெயிப்பார். எண் வைத்தே தீர வேண்டுமென்றால் கடை முழுவதற்கும் ஒரே எண் வையுங்கள்: நேற்று எத்தனை, இன்று எத்தனை.

பலகை ஆட்டம் என்றதும் கேரம் வாங்கிவிடுகிறார்கள். துணிக்கடையின் பின்னறையில் அது பொருந்தும். சாப்பாட்டுக் கடையில் வேண்டவே வேண்டாம். காய் வழுக்குவதற்குத் தூவுகிற மாவு பெரும்பாலும் போரிக் பவுடர். பார்க்க அரிசி மாவு போலவே இருக்கும், வயிற்றுக்குள் போனால் நஞ்சு. தரையில் சிந்தினால் காலும் வழுக்கும். அதற்குப் பதில் பல்லாங்குழி. பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு குழி, குழிக்கு ஐந்து புளியங்கொட்டை, ஆக 70. மலாய்க்கார ஊழியருக்குச் சொல்லிக்கொடுக்கவே வேண்டாம், சோங்காக் ஆடி வளர்ந்தவருக்கு ஏழு ஏழு குழி பழகியதுதான். அவர்கள் ஆட்டத்தில் இரு ஓரத்திலும் சேமிப்புக் குழி ஒன்று கூடுதலாக உண்டு. யார் விதிப்படி ஆடுவது என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அதுவே அரை மணி நேர வாக்குவாதம். பந்தயம் ஒரு வெள்ளியாக (ரிங்கிட்) இருந்தாலும் காசு வைக்கக் கூடாது. கோப்பை கழுவுவதைப் பந்தயமாக வையுங்கள்.

காசு என்றதும் அபராத உண்டியல் நினைவுக்கு வருகிறது. தாமதமாக வந்தால் இரண்டு வெள்ளி, தப்பாகப் பில் போட்டால் ஒரு வெள்ளி, மாதக் கடைசியில் எல்லாரும் பிரியாணி. கேட்க ஜாலியாக இருக்கும். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, சம்பளத்தில் எதையெல்லாம் பிடிக்கலாம் என்று வரிசையாகச் சொல்கிறது. தாமத அபராதம் அந்த வரிசையில் இல்லை. சம்பளத்தில் பிடிக்காமல் கையில் வாங்கினாலும், மாட்டேன் என்று சொல்ல முடியாத ஒருவரிடம் வாங்குவதில் என்ன விளையாட்டு இருக்கிறது?

எல்லாவற்றையும்விட அதிகச் சேதம் செய்வது "சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்" என்ற ஐந்தாறு நொடிச் சமாளிப்பு. நிறம், உடம்பு, ஊர்ப் பேச்சு, கல்யாணம் ஆகாதது. இவற்றை வைத்துச் செய்கிற கேலிக்கு எல்லாரும் சிரிப்பார்கள்தான். தமிழ்நாட்டிலிருந்தோ வங்காளதேசத்திலிருந்தோ வேலை பெர்மிட்டில் வந்தவருக்கு, அந்தப் பெர்மிட் முதலாளி கையில் இருக்கும்போது சிரிக்காமல் இருக்க வழியில்லை. அவர் சிரிப்பைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு சோதனை இருக்கிறது: அதே கேலியை அவர் உங்களைப் பார்த்துச் சொன்னால் மறுநாள் கடை பழையபடி நடக்குமா? நடக்காது என்றால் அது விளையாட்டு இல்லை. ஆபாசப் பேச்சுக்கு இந்தச் சோதனையே தேவையில்லை. பாலியல் தொல்லை பற்றிய அறிவிப்பை வேலையிடத்தில் எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்டுவது, 2023 ஜனவரி முதல் முதலாளியின் சட்டக் கடமை. பல சின்னக் கடைகளில் இன்னும் அது இல்லை.

புலன (வாட்ஸ்அப்) குழுவிலும் இதே குழப்பம்தான். ஆர்டர் வருகிற குழுவிலேயே காலை வணக்கப் பூவும் வடிவேலு ஸ்டிக்கரும் விழுந்தால், நாற்பது செய்திக்கு நடுவில் "நாளை காலை 6-க்கு 80 இட்லி" காணாமல் போகும். ஆர்டருக்கு ஒரு குழு, அரட்டைக்கு ஒரு குழு. அரட்டைக் குழுவை விட்டு விலகியவரை ஏன் என்று கேட்காதீர்கள்.

வாடிக்கையாளர் பக்கம் வந்தால், வாசல் கரும்பலகையில் ஒரு குறும்பு வரி எழுதுவதே போதும். வாரம் ஒரு தடவை மாற்றுங்கள், பழைய நகைச்சுவை ஊசிப்போன சாம்பார் மாதிரி. விலையில் மட்டும் விளையாடாதீர்கள்: 'சேலை 5 வெள்ளி' என்று எழுதி, உள்ளே வந்தவரிடம் சும்மா என்றால், அது தவறான விலைக் குறிப்பு, 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் வந்து நிற்கும். பொருள் வாங்கினால் சீட்டு, குலுக்கலில் பரிசு என்பது 1952-ஆம் ஆண்டு லாட்டரிச் சட்டத்தில் இடிக்கலாம். இங்கே பெரிய கம்பெனிப் போட்டிகளில் கேள்விக்குப் பதிலோ ஒரு வாசகமோ எழுதச் சொல்வது, வெறும் அதிர்ஷ்டமாக இருக்கக் கூடாது என்பதற்காகத்தான். பாட்டு போடுவதற்கும் உரிமம் வேண்டும். ஸ்பாட்டிஃபை தனிநபர் கணக்கு கடையில் ஒலிக்கவிடுவதற்கு அல்ல. இன்னொன்று, நாளைக்குக் கல்யாணம், ரவிக்கை கை தூக்க முடியாமல் பிடிக்கிறது என்று வந்து நிற்பவரிடம் ஒரு சிரிப்புத் துணுக்கும் வேண்டாம். முதலில் தையலைப் பிரியுங்கள். சிரிப்பு ரவிக்கை சரியான பிறகு தானாக வரும்.

புதுச் சரக்கை முயன்று பார்ப்பதும் விளையாட்டுதான், அதில் முதலாளிதான் அதிகம் சறுக்குவார். பீட்ரூட் ஆப்பம் போட ஆசையா? பேனர் அடிக்காதீர்கள், மெனு அச்சடிக்காதீர்கள். ஒரு நாளைக்கு 20 ஆப்பம், இரண்டு வாரம், மொத்தச் செலவு 100 வெள்ளி. கடைசி மூன்று நாளும் பத்துக்குக் கீழே போனால் நிறுத்தம் என்று தொடங்கும் முன்பே எழுதி அடுப்புக்கு மேலே ஒட்டிவிடுங்கள். பெயர் வைக்கும் வேலையைக் கடையிலேயே வயதில் சின்னவரிடம் கொடுங்கள். பெயர் உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும் இரண்டு வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள்.