தேக்கா விளக்குப் படத்தைக் கணக்குப் போட்டுப் பூட்டலாம்

தீபாவளிக்கு முன்னால் சிங்கப்பூரின் தேக்கா (லிட்டில் இந்தியா) வட்டாரத்துச் சிராங்கூன் சாலையில் எடுத்த விளக்கு அலங்காரப் படம் ஏதாவது உங்கள் கைப்பேசியில் இருக்கும். சாவி இல்லாதவர் பார்த்தால் ஒன்றும் புரியாதபடி அதைக் கணக்கால் கலைத்துப் பூட்டப் போகிறோம். அதைச் சதுரமாக வெட்டி, 256-க்கு 256 பிக்சலாக (பிக்சல் என்பது படத்தின் ஒரு புள்ளி) சுருக்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பிக்சலிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று 3 எண்கள், ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. ஆக மொத்தம் 1,96,608 எண்கள். பைத்தான் நிரல்மொழியில் பில்லோ (படங்களுக்கு), நம்பை (எண்களுக்கு) என்ற இரண்டு நூலகங்கள் இருந்தால் போதும்.

முதலில் இடம் மாற்றுவோம். பிராட்டா போடுபவர் மாவை இழுத்து மடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். படத்தையும் அப்படித்தான் இழுக்கிறோம், ஆனால் மடிப்பதில்லை. சதுரத்தை விட்டு வெளியே போன பகுதியை வெட்டி உள்ளே ஒட்டுகிறோம். ரஷ்யக் கணித அறிஞர் விளாதிமிர் அர்னால்ட் இதைப் பூனைப் படம் வரைந்து விளக்கியதால் ‘பூனை உருமாற்றம்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஒரு பிக்சல் இடமிருந்து எத்தனையாவது என்பது குறுக்கு, மேலிருந்து எத்தனையாவது என்பது நெடுக்கு; இரண்டையும் 0-இலிருந்து எண்ணுங்கள்.

புதிய குறுக்கு = குறுக்கு + நெடுக்கு
புதிய நெடுக்கு = குறுக்கு + 2 × நெடுக்கு

இரண்டையும் 256-ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நிரல் எழுதுவதற்கு முன் தாளில் ஒருமுறை செய்து பார்ப்பது நல்லது. 4-க்கு 4 கட்டம் போட்டு, 4-ஆல் வகுத்த மீதியை எடுங்கள். (1,0) என்ற புள்ளி (1,1)-க்குப் போகும், அங்கிருந்து (2,3)-க்கு, அப்புறம் பழையபடி (1,0)-க்கே வந்துவிடும்.

வில்லங்கமே இங்குதான். எல்லாப் பிக்சலுக்கும் இந்தக் கணக்கை ஒருமுறை செய்வது ஒரு சுற்று. நம் 256 படமும் 192 சுற்றில் அப்படியே திரும்பிவிடும். நான் முதலில் 20 சுற்று கலக்கிவிட்டு, பூட்டியாகிவிட்டது என்று பெருமையாகப் பாலிடெக்னிக்கில் படிக்கும் அக்கா மகனிடம் காட்டினேன். அவன் நிறங்களின் எண்ணிக்கையை மட்டும் வரைபடமாகப் போட்டான். “மாமா, ரோஸ், மஞ்சள் எல்லாம் எத்தனை இருந்ததோ அத்தனை அப்படியே இருக்கே!” என்றான். சரிதான். சீட்டைக் கலைத்தால் சீட்டு மாறிவிடுமா?

எனவே எண்களையும் மாற்றியாக வேண்டும். 0-க்கும் 1-க்கும் இடையில் ஒரு தொடக்க எண்ணை எடுங்கள், 0.3141 என்று வைப்போம். அதை (1 − அதே எண்) என்பதாலும் 3.99-ஆலும் பெருக்கினால் அடுத்த எண் கிடைக்கும். அதை வைத்து அதற்கடுத்தது. முதல் 100 எண்களைத் தள்ளிவிடுங்கள். அதற்குப் பிறகு வருவதை ஒவ்வொன்றாக 1,000,000-ஆல் பெருக்கி, தசமத்தை வெட்டி, 256-ஆல் வகுத்த மீதியை எடுத்தால் அதுதான் சாவி வரிசை. 3 நிறத்துக்கும் 3 வெவ்வேறு தொடக்க எண் கொடுங்கள்.

அந்த வரிசையைக் கலக்கிய படத்தோடு எக்ஸார் செய்யுங்கள். அதாவது, இரண்டு எண்களையும் 0, 1 மட்டும் உள்ள இரும எண்களாக எழுதி, அந்தந்த இடத்து இலக்கங்களை (பிட்களை) ஒப்பிடுங்கள்: இரண்டு பிட்டும் ஒன்றாக இருந்தால் 0, வேறாக இருந்தால் 1, அவ்வளவுதான். பிக்சல் 200, சாவி 77 என்றால் 133 வரும். அந்த 133-ஐ மறுபடி 77-உடன் எக்ஸார் செய்தால் 200 திரும்பக் கிடைக்கும். இப்போது நிற வரைபடம் ஏறக்குறைய தட்டையாகிவிடும்.

திறக்கும்போது வரிசை தலைகீழ்: முதலில் எக்ஸார், பிறகு இடம். குறுக்குக்கு 2 × குறுக்கு − நெடுக்கு, நெடுக்குக்கு நெடுக்கு − குறுக்கு; பழையபடி 256-ஆல் வகுத்த மீதி, அதே 20 சுற்று.

கோப்பை, எண்கள் எதுவும் மாறாமல் சேமிக்கும் பிஎன்ஜி வடிவிலேயே சேமியுங்கள். நான் ஒருமுறை பூட்டிய படத்தை அரட்டைச் செயலியில் புகைப்படமாக அனுப்பித் தொலைத்தேன். அது சுருக்கி ஜேபெக் ஆக்கிவிட்டது, திறந்தால் ஒரே புள்ளிக் குப்பை. ஆவணமாக அனுப்பினால் இந்தத் தொல்லை இல்லை.

ஒரே சாவியால் இரண்டு படங்களைப் பூட்டவே கூடாது. பூட்டிய இரண்டையும் ஒன்றோடொன்று எக்ஸார் செய்தால் சாவி காணாமல் போய், இரண்டு படங்களின் கலவை மட்டும் மிஞ்சும். அதிலிருந்து மூலப் படத்தை ஊகிப்பது பெரிய வேலையில்லை. அடையாள அட்டை, கடப்பிதழ் ஸ்கேன் போன்றவற்றுக்கு இந்த விளையாட்டு வேண்டாம். 2001 முதல் தரமாக இருக்கும் ஏஇஎஸ் என்ற மறையாக்க முறையைப் பயன்படுத்துங்கள், பைத்தானில் அதற்கு ஆயத்த நூலகம் உண்டு.

எல்லாம் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க, திறக்கும்போது மூன்று தொடக்க எண்களிலும் கடைசி இலக்கத்தை மாற்றிவிடுங்கள். 0.3141-க்குப் பதில் 0.3142. விளக்கு ஒன்றுகூடத் தெரியக் கூடாது.