சடங்கின்றி விடைகொடுத்தல்

கடவுள் மறுப்பாளர் இறந்த வீட்டில் துக்கத்துக்கு முன்பே சடங்கைப் பற்றிய உறவினர் வாக்குவாதம் தொடங்கிவிடும் என்பதால், அவரவர் விருப்பத்தை உயிரோடிருக்கும்போதே எழுதிவைத்து, பிள்ளைகளிடம் வாய்விட்டும் சொல்லிவிட வேண்டும். கண்தானமாயின், 6 மணி நேரத்துக்குள் கண்களை எடுக்க வேண்டியிருப்பதால், உடனே கண் வங்கியை அழைத்து, இமைகளை மூடி, ஈரப் பஞ்சு வைத்து, மின்விசிறியை நிறுத்துங்கள். உடல்தானத்துக்கு அரசு மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறையை அணுகலாம்.

கருமாதிக்கு மாற்றாகத் திராவிடர் இயக்கத்தார் நடத்தும் படத்திறப்பு, அதாவது இறந்தவரின் படத்தைத் திறந்துவைத்து அவரை நினைவுகூர்ந்து பேசும் கூட்டம், நல்ல வழி. அதில் இறந்தவரின் முன்கோபத்தையும் சேர்த்தே பேசுங்கள். வெறும் புகழுரையில் அவர் இருக்கமாட்டார். மறுமையில் சந்திப்போம் என்ற ஆறுதல் நமக்கில்லை, ஆகவே அழுகையை அடக்காதீர்கள். ‘ஆன்மா சாந்தியடையட்டும்’ என்பவரிடம் அன்று வாதம் செய்யாமல், அவர் கையைப் பற்றிக்கொள்ளுங்கள்.