அந்தமான் போகும் முன் கூடலூரில் காதைப் பழக்குங்கள்

மகள் போர்ட் பிளேரில் வாழ்க்கைப்பட்டதிலிருந்து மூன்று தடவை அந்தமான் போய்விட்டேன். முதல் தடவை அங்கே மட்டுமே இருக்கும் கருப்பு மரங்கொத்தியைத் தேடி, உயர்ந்த மரங்களையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன். கழுத்து வலிதான் மிச்சம்.

தேயிலை ஃபேக்டரியில் முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்தவன் நான். பேரிங் தேய்ந்தால் கண்ணுக்குத் தெரிவதற்கு முன் காதுக்குத் தெரியும். அதே வித்தை இங்கேயும் உதவும் என்று எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது.

பழக நல்ல இடம் நம் கூடலூர்ப் பக்கம்தான். அந்தமான் பறவையின் பங்காளி, வெள்ளை வயிற்றுக் கருப்பு மரங்கொத்தி, நீலகிரியின் கீழ்ச்சரிவுக் காடுகளில் உண்டு. ஊட்டி உயரத்தில் தேடாதீர்கள். தை, மாசியில் விடிந்த கையோடு காட்டோரத் தோட்டச் சாலையில் நின்று கேளுங்கள். யானை நடமாடும் இடம், சாலையை விட்டு உள்ளே இறங்க வேண்டாம். சில்வர் ஓக்கில் தட்டுவது பெரும்பாலும் பொன்முதுகு மரங்கொத்தியாக இருக்கும். கருப்புப் பெரியவர் தட்டினால் சத்தம் கனமாக, பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கும். துடுப்புவால் கரிச்சான் பல பறவைகளின் குரலைத் திருடும், அதனால் குரலை மட்டும் நம்பாதீர்கள். தட்டும் சத்தத்தை நம்புங்கள்.

அப்புறம் தரையைப் பாருங்கள். பட்டுப்போன மரத்தடியில் விரல் நீளச் சிராய்கள் வெள்ளையாகக் கிடந்தால் அன்றைக்குக் கொத்தியது. பழுப்பேறியிருந்தால் பழைய கதை. மரத்துக்குள் இருக்கும் பெரிய எறும்புகளுக்காகத்தான் இவ்வளவு உழைப்பு. அந்தமானிலும் இதே கணக்குதான். சிடியாடாப்புக் காட்டில் சிராயைப் பார்த்து நின்ற இடத்தில்தான் எனக்குக் கிடைத்தது.

அடையாளம் சுலபம். அந்தமானில் மரங்கொத்தி இனம் இரண்டே. ஒன்று சின்னது, புள்ளி போட்டது. மற்றது இது: ஏறத்தாழ 38 சென்டிமீட்டர், உடம்பு முழுக்கக் கருப்பு, தலையில் சிவப்புக் கொண்டை. நம் ஊர்க்காரருக்கு இருக்கும் வெள்ளை வயிறு இதற்குக் கிடையாது. நெற்றியிலிருந்தே சிவப்பு, கன்னத்தில் சிவப்புக் கோடு என்றால் ஆண். பின்தலையில் மட்டும் சிவப்பு என்றால் பெண்.

செல்போனில் அதன் குரலைப் போட்டுக் கூப்பிடும் பழக்கம் சிலருக்கு உண்டு. அது வேண்டாம். கூடு வைத்திருக்கும் பறவை இரை தேடுவதை விட்டுச் சண்டைக்கு ஓடி வரும், பாவம்.

கடைசியாக ஒன்று. ஆளைக் கண்டால் இந்தப் பறவை தண்டுக்குப் பின்னால் போய்விடும். சுற்றிப் போய்த் துரத்தாதீர்கள், அதுவும் சுற்றும். அப்படியே அசையாமல் நில்லுங்கள். கொஞ்ச நேரத்தில் மேலே ஏறி ஒரு பக்கமாக எட்டிப்பார்க்கும். என் மாப்பிள்ளையிடம் எத்தனை தடவை சொன்னாலும், மனிதர் இன்னும் மரத்தைச் சுற்றித்தான் ஓடுகிறார்.