சஸ்பென்ஷன் போல்ட்: "இன்னும் நல்லதாப் போடுவோம்" என்று நினைத்துச் செய்யும் தவறுகள்

டர்பனின் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ சனிக்கிழமை காலையில் ஒரு சுற்று நடந்து வந்தால், ஏதாவது ஒரு வீட்டு முற்றத்தில் டொயோட்டா டாஸோ சிட்டி கோல்ஃபோ ஜாக் மேல் நிற்கும். சஸ்பென்ஷன் இணைப்பில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் புஷ்ஷை மாற்றிக்கொண்டிருப்பார்கள், இல்லாவிட்டால் ஷாக் அப்சார்பர். கார் கைமாறப் போகிறதென்றால் சாலையில் ஓடத் தகுதியானது என்ற ரோட்வொர்த்தி சான்றிதழ் வேண்டும், அதனால் அவசரமும் சேர்ந்துகொள்ளும். சக்கரத்தை வண்டிச் சட்டத்தோடு இணைக்கும் கன்ட்ரோல் ஆர்முக்கு நல்ல கடையாகத் தேடிப்போய்ப் பணம் கொடுப்பவர்கள், அதைப் பிடித்து நிறுத்தும் போல்ட்டுக்கு மட்டும் பக்கத்து ஹார்டுவேர் கடைக்கு ஓடுகிறார்கள். பழையது துருவேறி, புஷ்ஷுக்குள் இருக்கும் குழலோடு ஒட்டிப்போய், கிரைண்டர் வைத்து அறுத்தாகிவிட்டது. மாலைக்குள் வண்டி கீழே இறங்கியாக வேண்டும்.

கஞ்சத்தனத்தால் தப்பான போல்ட் போடுபவர்கள் குறைவு. பழையதைவிட நல்லதாகப் போடுகிறோம் என்று நம்பித்தான் பலரும் தப்பானதைப் போடுகிறார்கள்.

டர்பனில் இதற்கு முதல் உதாரணம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். ப்ளஃப், மியர்பேங்க், இசிப்பிங்கோ பக்கம் உப்புக்காற்று எதையும் விட்டுவைப்பதில்லை. அறுத்து எடுத்த போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவருக்கு, துருவே பிடிக்காத பளபளப்பான ஒன்றைப் போட்டால் என்ன என்று தோன்றுவது நியாயம்தான். ஆனால் அந்த இடத்தில் போல்ட் என்ன வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

கன்ட்ரோல் ஆர்ம் புஷ்ஷின் நடுவில் ஓர் எஃகுக் குழல் இருக்கிறது. போல்ட் அதற்குள் போய், இரண்டு பக்கத் தகடுகளையும் அந்தக் குழலோடு சேர்த்து நெரிக்கிறது. அந்த நெரிப்பில் குழல் அசையாமல் நிற்கும். சக்கரம் ஏறி இறங்கும்போது ரப்பர் மட்டும் முறுக்கிக்கொடுக்கும். பள்ளத்தில் விழும்போது வரும் அடியைத் தாங்குவது பெரும்பாலும் அந்தப் பிடியின் உராய்வுதான். பிடி தளர்ந்தால் குழல் நகர ஆரம்பிக்கும், போல்ட் வளையும், தகட்டிலுள்ள துளை முட்டை வடிவமாகும். வேகத்தடையில் ஏறும்போது கேட்கிற 'டக்' சத்தம் பல வண்டிகளில் இப்படித்தான் தொடங்குகிறது.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, இந்த போல்ட் எவ்வளவு நெரிக்கும் என்பது. சாதாரண மரையுள்ள 12 மில்லிமீட்டர் போல்ட், தலையில் 10.9 என்று பொறித்த தரத்தில் (இந்த எண்களின் பொருள் கீழே வருகிறது) இருந்தால், பத்திரமாக 5 டன்னுக்கு மேல் நெரிக்கும். அதே அளவு 8.8 தரத்தில் ஏறக்குறைய மூன்றே முக்கால் டன். கடையில் வழக்கமாகக் கிடைக்கும் ஸ்டெயின்லெஸ், அதாவது தலையில் ஏ2-70 என்று பொறித்தது, 3 டன்னைக்கூடத் தொடாது. 10.9 போல்ட்டுக்கு உரிய டார்க்கை, அதாவது ரெஞ்சால் திருப்பி இறுக்கும் அளவை, அதற்குக் கொடுத்தால் அது இழுபட்டு நீளும், நீண்டது திரும்பாது. போதாததற்கு, ஸ்டெயின்லெஸ் நட்டை ஸ்டெயின்லெஸ் போல்ட்டில் இறுக்கும்போது மரையோடு மரை பற்றிக்கொண்டு பாதியில் நின்றுவிடுவதும் உண்டு. டார்க் ரெஞ்ச் கிளிக் என்று சொல்லும், பிடி இருக்காது.

சரி, அப்படியானால் இருப்பதிலேயே கடினமான 12.9 வாங்கிப் போடலாமே என்று அடுத்த யோசனை வரும். வேண்டாம். கடினம் கூடக் கூட எஃகு விரிசலுக்குப் பயப்படும். ஈரமும் உப்பும் சேர்ந்த காற்றில், முழு இறுக்கத்தில் நிற்கும் 12.9 போல்ட் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் ஒருநாள் முறியலாம். மின்முலாமாகத் துத்தநாகம் பூசிய போல்ட் என்றால் ஆபத்து இன்னும் கூடும். முலாம் பூசும்போது ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுவரும். அதனால்தான் கார் கம்பெனிகள் உறுதியான போல்ட்டுகளுக்குப் பெரும்பாலும் மின்சாரம் இல்லாமல் பூசும் மங்கலான சாம்பல் நிறத் துத்தநாகப் பூச்சைப் பயன்படுத்துகின்றன. பார்க்க அழகாக இருக்காது. அதையே வாங்குங்கள்.

எண்களைப் படிக்கத் தெரியாமல் ஏமாறுவது இன்னொரு வகை. மெட்ரிக் போல்ட்டில் முதல் எண்ணை நூறால் பெருக்கினால், எத்தனை மெகாபாஸ்கலில் அறும் என்று தெரியும். புள்ளிக்குப் பின் இருப்பது, அதில் எத்தனை பத்தில் ஒரு பங்கு வரைக்கும் நிரந்தரமாக நீளாமல் தாங்கும் என்பது. 10.9 என்றால் 1000 மெகாபாஸ்கலில் அறும், அதில் 90 சதவீதம் வரை நீளாது. அங்குல அளவு போல்ட்டில் எண் இருக்காது, தலையில் கோடுகள் இருக்கும். மூன்று கோடு கிரேடு 5, ஆறு கோடு கிரேடு 8. இங்கேதான் வில்லங்கம். அங்குலக் கிரேடு 8 ஏறக்குறைய மெட்ரிக் 10.9-க்குச் சமம். மெட்ரிக் 8.8 அங்குலக் கிரேடு 5-க்குத்தான் சமம். "கிரேடு எட்டு கொடுங்க அண்ணே" என்று கவுன்டரில் கேட்பவருக்கு 8.8 கிடைக்கும். இரண்டு பேரும் சரியாகத்தான் பேசினோம் என்று நினைத்துக்கொள்வார்கள். தலையில் ஒன்றுமே பொறிக்கப்படாத போல்ட் என்றால் வேலி கட்டுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நட்டுக்கும் தரம் உண்டு என்பது பலருக்கு நினைவில் வருவதே இல்லை. 10.9 போல்ட்டுக்கு 10 என்று பொறித்த நட். தரம் குறைந்த நட்டைப் போட்டால் போல்ட் நிற்கும், நட்டின் மரை உரிந்துவிடும்.

மரையின் பிட்ச், அதாவது அடுத்தடுத்த இரண்டு மரைக்கு நடுவே உள்ள தூரம், கண்ணுக்குத் தெரியாது. 12 மில்லிமீட்டரில் மட்டும் 1.25, 1.5, 1.75 என்று மூன்று இருக்கின்றன. நட்டைக் கையால் கடைசிவரை திருக முடிய வேண்டும். இரண்டு மூன்று சுற்றுப் போய் இறுகுகிறது என்று ஸ்பேனரைத் தேடினால் மரை கெட்டுவிடும். பூட்டும் நட் மட்டும் விதிவிலக்கு, அது கடைசியில் கொஞ்சம் முரண்டு பிடிக்கத்தான் வேண்டும். அறுபதுகளின் கார்ட்டினாவை இன்னும் செல்லமாக வைத்திருப்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும், அதில் இருப்பது அங்குல மரை.

நீளம் சரியாக இருந்தால் போதும் என்று நினைப்பதை நான் இருப்பதிலேயே மோசமான தவறு என்பேன். அளவும் தரமும் சரிபார்ப்பவர்கள்கூட இதைப் பார்ப்பதில்லை. கழற்றிய போல்ட்டைக் கவனியுங்கள்: தலையிலிருந்து நெடுந்தூரம் மரையில்லாமல் வழவழப்பாக இருக்கும், முனையில் மட்டும்தான் மரை. அந்த வழவழப்பான பகுதிதான் தகட்டின் துளையிலும் குழலுக்குள்ளும் உட்கார வேண்டும். முழுநீளமும் மரையுள்ள போல்ட்டைப் போட்டால், மரையின் கூர்மை துளையின் ஓரத்தை அரம் போல ராவும். சாலைப் பள்ளத்தின் அதிர்ச்சி விழும் இடத்திலேயே மரையின் அடிப்பள்ளமும் இருப்பதால், விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். மரையின் அடியில் போல்ட் மெலிந்திருப்பதால் துளைக்குள் ஆட்டமும் கூடும். நீளமான போல்ட்டை வாங்கி வாஷராக அடுக்கிச் சரிக்கட்டுவதும் இதே குடும்பம்தான். மென்மையான வாஷர் நாளாக நாளாக அமுங்கும், அதோடு பிடியும் போகும். தலையிலேயே அகன்ற விளிம்புள்ள போல்ட்டை கம்பெனி கொடுத்திருந்தால் அதையே தேடுங்கள். ஸ்பிரிங் வாஷர் இந்த அளவு இறுக்கத்தில் தட்டையாகிக் கிடக்கும், பூட்டாது.

பழையதைத் திரும்பப் போடலாமா? வொர்க்‌ஷாப் மானுவலில் டார்க்குக்குப் பிறகு இத்தனை டிகிரி திருப்பு என்று எழுதியிருந்தால், பெரும்பாலும் அது இழுத்து இறுக்கும் போல்ட். புதிதாகத்தான் போட வேண்டும். நைலான் வளையமுள்ள நட்டும் ஒருமுறைக்குத்தான், சூடு ஏறும் பிரேக் பக்கத்தில் அது வேண்டவே வேண்டாம். பால் ஜாயின்ட்டின் காசில் நட்டில் (குறுக்கே பூட்டும் ஸ்ப்ளிட் பின் போக மேலே வெட்டுகள் உள்ள நட்) ஸ்ப்ளிட் பின் துளை நேராக வரவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் இறுக்குங்கள், தளர்த்தக் கூடாது. கேஸ் டார்ச்சில் சிவக்கக் காய்ச்சிக் கழற்றிய போல்ட்டின் பதம் போய்விட்டது, அதற்கு இனி பழைய இரும்புக் கடைதான்.

துருவுக்குப் பயந்து மரையெல்லாம் காப்பர் கிரீஸ் பூசுவதையும் பார்க்கிறேன். ரெஞ்சில் நாம் கொடுக்கும் விசையில் ஏறக்குறைய 90 சதவீதம் உராய்விலேயே செலவாகிவிடும், மிச்சம்தான் நெரிப்பாகும். உலர்ந்த மரைக்குச் சொன்ன டார்க்கை கிரீஸ் பூசிய மரைக்குக் கொடுத்தால் போல்ட் அளவுக்கு மீறி இழுபடும். குழலுக்குள் போகும் வழவழப்பான பகுதியில் மட்டும் மெல்லிசாகத் தடவுங்கள். துருவில் ஒட்டிக்கொள்வது அங்கேதான், அடுத்தமுறை கிரைண்டர் தேவைப்படாது. தகட்டின் முகத்தில் உரியும் பெயின்ட்டையும் துருச்செதிலையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுத்துவிடுங்கள்.

ஹைலக்ஸ் போன்ற பக்கி (பிக்கப்) வண்டிகளின் முன்பக்கக் கீழ் ஆர்மில் வீல் அலைன்மென்ட்டுக்கான கேம் போல்ட், அதாவது திருப்பினால் ஆர்மின் இடத்தைச் சற்று நகர்த்தும் போல்ட், இருக்கும். கடலோர வண்டிகளில் முதலில் ஒட்டிக்கொள்வதும் இதுதான். அதை அறுத்துவிட்டு சாதாரண போல்ட்டைப் போட்டால் அலைன்மென்ட் செய்ய இடமே இருக்காது. போல்ட், கேம் வாஷர், நட் மூன்றையும் செட்டாக வாங்கி, கழற்றுவதற்கு முன்பே பழைய நிலையைக் குறித்துவைத்து, பொருத்திய பிறகு அலைன்மென்ட்டுக்குக் கொண்டுபோங்கள். ரப்பர் புஷ் உள்ள எந்த போல்ட்டையும் கடைசியாக இறுக்கும்போது வண்டியின் எடை சக்கரத்தில் இருக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிலேயே இருந்து சீக்கிரம் கிழியும்.

எங்கே வாங்குவது என்றால், சேசிஸ் எண்ணைச் சொல்லி டீலரின் பார்ட்ஸ் கவுன்டரில். விலை உறுத்தும், சிலசமயம் இரண்டு மூன்று நாள் காத்திருக்கவும் சொல்வார்கள். அதனால் போல்ட் கைக்கு வந்த பிறகே கிரைண்டரை எடுங்கள்.